பூ விழாத சதுரம்

அத்தியாயம் மூன்று

யாழ்ப்பாணத்தில் துப்பறியும் தொழிலுக்கு உள்ள மதிப்பைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் சுவர்ணா அக்காவின் கந்தோருக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். கொக்குவிலில் ஒரு பான்சிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. வருகிறவர்கள் எல்லாரும் அநேகமாகக் கேட்பது ஒரே கேள்விதான்: கனடா மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா? அதைக் கேட்காத ஆள் கீழே பான்சிக் கடைக்கு வழி கேட்க வந்தவராக இருப்பார்.

அன்று காலை வந்த பெண் இரண்டையும் கேட்கவில்லை.

"நான் கள்ளி இல்லை எண்டு ஆரும் ஒராள் சொல்லவேணும் அக்கா" என்றாள். பிறகு அழத் தொடங்கினாள்.

அழுகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் போடுவது என் பொறுப்பு. நான் நிருஷன். சுவர்ணா அக்காவின் உதவியாளன், ஓட்டோ சாரதி, அவசியமில்லாத இடத்தில் வாய் திறப்பவன். கடைசிப் பதவி அக்கா தந்தது.

பெண்ணின் பெயர் நிவேதனா. மயிலிட்டிக் கரையைச் சேர்ந்தவள். பேராசிரியர் சிவசுப்பிரமணியம் கொக்குவிலில் தன் வீட்டு வளவிலேயே நடத்தும் ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். களவு போனது பொன்னும் இல்லை, நகையும் இல்லை. ஒரு தட்டு நிறைய, கண்ணாடி போன்ற மெல்லிய சின்னத் துண்டுகள்.

"நண்டுக் கோதிலை இருந்து ஒரு பல்பகுதியம், பிளாஸ்டிக் மாதிரி ஒரு பொருள், எடுக்கிறம்" என்று விளங்கப்படுத்தினாள். தன் வேலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியதும் அழுகை நின்றுவிட்டது. "அதை மருந்தோடை கலந்து படலமா வார்க்கிறது. சீனி வருத்தக்காரருக்குக் காலிலை புண் வந்தால் புண்ணுக்குள்ளை ஒரு துண்டை வைச்சுக் கட்டிவிடலாம். உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைக்கும். கரையக் கரைய மருந்து அளவா வெளியிலை வரும். மருந்து கட்ட ஒவ்வொரு நாளும் கிளினிக்குக்கு அலையத் தேவையில்லை. கடைசியிலை துண்டை வெளியிலை எடுக்கவும் தேவையில்லை, அது இருக்காது."

"எங்கடை அரசியல்வாதியளின்ரை வாக்குறுதி மாதிரி" என்றேன். "கடைசியிலை தேடினால் ஒண்டும் இருக்காது."

"வித்தியாசம் என்னெண்டால், உதுக்குள்ளை மருந்து இருக்கு" என்றார் அக்கா. "நீ சொல்லு பிள்ளை."

முந்தநாள் பின்னேரம் நிவேதனா தட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு நவராத்திரி விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருக்கிறாள். இன்று காலை பேராசிரியர் அழைத்திருக்கிறார். அலுமாரி பூட்டியபடியே இருக்கிறது, தட்டும் இருக்கிறது, துண்டுகள் இல்லை. திறப்புகள் இரண்டு. ஒன்று அவரிடம், மற்றது இவளிடம். நாளை விசயதசமியன்று ஆய்வுக்கு உதவி செய்யும் லண்டன் சங்கத்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள்.

"கொழும்பிலை ஆருக்கோ குடுத்துப்போட்டன் எண்டு சொல்லுறார். பின்னேரம் பொலிசுக்குப் போவாராம். அதுக்கு முதல் அப்பாவுக்கும் ரெலிபோன் எடுத்து, உம்மடை மகள் கள்ளி எண்டு சொல்லிப்போட்டார்." அவள் கண்ணைத் துடைத்தாள். "அந்த நண்டுக் கோது முழுக்க அப்பாதான் கரையிலை பொறுக்கிச் சேர்த்துத் தந்தவர்."

"அப்பா என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. இண்டைக்குக் கடலுக்கும் போகேல்லை. பேசியிருந்தால் பரவாயில்லை அக்கா. பேசாமல் இருக்கிறதுதான் பயமாக் கிடக்கு."

அக்கா கைப்பையை எடுத்தார். நான் ஓட்டோத் திறப்பை எடுத்தேன். தேத்தண்ணீரை யாரும் குடிக்கவில்லை.

பேராசிரியரின் வீட்டு மதிலில் இருந்த பெயர்ப்பலகையில் பெயரைவிடப் பட்டங்கள் நீளம். எனக்கு ஆள் ஏற்கெனவே பழக்கம். நேரில் அல்ல, பத்திரிகையில். ஞாயிற்றுக்கிழமைகளில் மூடநம்பிக்கைகளைக் கிழித்து எழுதுவார். சென்ற வாரம் வாகனங்களில் கண்ணூறுக்காக எலுமிச்சை, எங்கள் பாசையில் தேசிக்காய், கட்டித் தொங்கவிடுபவர்களை ஒரு பிடி பிடித்திருந்தார். அந்தக் கட்டுரையை என் ஓட்டோவில் கட்டியிருந்த தேசிக்காய்க்குக் கீழே இருந்துதான் வாசித்தேன்.

விறாந்தையில் நின்றவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் முறிந்து, பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. இவ்வளவு பட்டம் வாங்கியவருக்கு ஒரு கண்ணாடி வாங்க நேரம் கிடைக்கவில்லையே என்று நினைத்தேன்.

"நீங்கள் கனடா மாப்பிள்ளையளை விசாரிக்கிற ஆக்களெல்லே?"

"பொய் சொல்லுற ஆக்களை விசாரிக்கிறனாங்கள் சேர்" என்றார் அக்கா. "நாடு முக்கியமில்லை."

அவர் முகம் சுளித்தது. ஆனாலும் ஆய்வுகூடத்தைத் திறந்துவிட்டார். மாப்பிள்ளை விசாரிப்பவளால் என்ன கண்டுபிடித்துவிட முடியும் என்ற துணிச்சல் அவருக்கு.

நான் உள்ளே காலை வைத்ததும் நிவேதனா பதறிப்போய் மறித்தாள். என் கையில் அரைவாசி தின்ற அச்சாறுப் பை இருந்தது.

"அண்ணை, உதை வெளியிலை வைச்சிட்டு வாங்கோ! வினாகிரி, புளி ஒண்டும் இஞ்சை வரப்படாது. எங்கடை துண்டு தண்ணிக்குக் கரையாது, ஆனா புளிப்புப் பட்டால் போச்சு. கடைசியா ஒருக்கா இறுக்கி எடுக்கிற வேலை இருக்கு, அதுக்குப் பிறகுதான் தாங்கும். அந்த வேலையை நாளைக்குக் காலமை செய்ய இருந்தனாங்கள்."

துண்டுகளே காணாமல்போன ஆய்வுகூடத்தில் என் அச்சாறு என்ன நாசம் செய்துவிடும் என்று கேட்க வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். பை ஓட்டோவுக்குத் திரும்பிப் போனது.

அலுமாரிக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று தனியாக இருந்தது. ஒரு சாதாரண எழுதும் கொப்பியை விரித்து வைத்த அளவு. பளிச்சென்று இருந்தது.

"சேர், இந்தத் தட்டை ஆர் கழுவினது?"

"ஒருத்தரும் தொடேல்லை. பொலிசுக்கெண்டு அப்பிடியே வைச்சிருக்கிறன்."

அக்கா நிவேதனாவைப் பார்த்தார். "துண்டை எடுத்தாப் பிறகு தட்டு உப்பிடித்தான் இருக்குமோ?"

"இல்லை அக்கா, அடியிலை மருந்து வெள்ளையாப் படிஞ்சிருக்கும். தேய்ச்சுக் கழுவவேணும்."

"அப்ப கள்ளன் நல்ல வளர்ப்பு" என்றேன். "களவெடுத்த வீட்டிலை தட்டையும் கழுவி வைச்சிட்டுப் போயிருக்கிறான். அம்மா எனக்குச் சொல்லிச் சொல்லிக் களைச்ச விஷயம்."

"தடயத்தை அழிக்க அவளே கழுவியிருப்பாள்" என்றார் பேராசிரியர்.

"தட்டையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தால் கழுவுற வேலையே மிச்சமெல்லே சேர்?"

பேராசிரியர், மடக்கப்பட்ட படித்தவர்கள் செய்வதைச் செய்தார், குரலை உயர்த்தினார். தன் திறப்பு தன் சட்டைப்பையை விட்டு இறங்கியதே இல்லை என்றார். கரையிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்கு இடம் கொடுத்தது தன் பிழை என்றார். நிவேதனா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவருடைய மற்றக் கண்ணாடிக் காலையும் முறிக்க வேண்டும் போல இருந்தது.

அக்கா காதில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. தட்டின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். மடிப்புக்குள்ளே மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று ஓடியது.

"மருந்து மஞ்சள் நிறமோ பிள்ளை?"

"இல்லையே. வெள்ளை."

"ம்" என்றார் அக்கா. அவர் 'ம்' என்று சொன்னால் யாருக்கோ சாப்பாடு செமிக்கப் போவதில்லை என்று அர்த்தம்.

அந்த நேரம் பேராசிரியரின் மனைவி கனகாம்பிகை வாசலுக்கு வந்தார். வெள்ளை மனம் முகத்திலேயே தெரியும் மனிதர். நெற்றி நிறைய விபூதி. உள்ளே நடக்கும் வழக்கு அவருக்குப் பெரிதாகப் படவில்லை. நவராத்திரி நேரம் வீட்டுக்கு வந்தவர்கள் அம்பாளைக் கும்பிடாமல் போகப் போகிறார்களே என்பதுதான் அவர் கவலை.

"வந்து கும்பிட்டு, ஒரு வாய் கடலையும் சாப்பிட்டிட்டுப் போங்கோ. தேசிக்காய்த் தண்ணியும் கரைச்சு வைச்சிருக்கிறன்."

"கனகம், அவை அவசரமாப் போகவேணும்" என்றார் பேராசிரியர்.

"ஒரு அவசரமும் இல்லை" என்றார் அக்கா. "அம்பாளைக் கும்பிடாமல் போறதோ? வாங்கோ நிருஷன்."

என்னை 'வாங்கோ' என்று அக்கா மரியாதையாகக் கூப்பிடுவது, வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திற என்பதற்கு.

சாமியறை வாசலில் கனகாம்பிகை திரும்பி நிவேதனாவிடம் சொன்னார். "நீர் உங்கை விறாந்தையிலை இரும் பிள்ளை. நண்டு அளையிற கை. குறை நினையாதையும்." அதைச் சொன்ன குரலில் கோபம் இல்லை. வெயில் அடிக்கிறது, குடை பிடி என்பது போலச் சொன்னார். அதனால்தான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

உள்ளே வெள்ளை விரித்துக் கும்பம் வைத்திருந்தது. அதைச் சுற்றிப் புத்தகங்கள், மகள் விட்டுவிட்டுப் போன வீணை, பேராசிரியரின் பேனா, சட்டமிட்ட பட்டங்கள். மூடநம்பிக்கையின் எதிரி அம்பாளுக்கு முன்னால் தன் சகல பட்டங்களையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். புத்தகங்களுக்கு மேலே நல்ல தங்க விளிம்பு போட்ட மூக்குக்கண்ணாடி ஒன்றும் கிடந்தது.

"இது சேரின்ரை கண்ணாடியெல்லே?" என்று கேட்டார் அக்கா.

"ஓம், ஏன் கேக்கிறியள்! புத்தகத்தோடை சேர்த்து மாறி வைச்சிட்டன். பூசைக்கு வைச்சாப் பிறகு விசயதசமிக்கு முதல் ஒண்டையும் எடுக்கப்படாதெல்லே? பாவம், இவர் பழைய உடைஞ்சதைப் போட்டுக்கொண்டு திரியிறார். ஒரு பேப்பர் வாசிக்கேலாது. நாளைக்குக் காலமைதான் எடுத்துக் குடுக்கவேணும்."

"நல்ல கட்டுப்பாடான வீடு" என்று சொல்லிக்கொண்டே அக்கா குனிந்து கும்பிட்டார். கும்பிட்டவர் உடனே நிமிரவில்லை. நான் அவர் பார்த்த இடத்தைப் பார்த்தேன்.

விரித்த வெள்ளைத் துணி முழுக்க, நேற்றுப் பூசையில் தூவிய பூக்கள் வாடிக் கிடந்தன. செவ்வரத்தை, நந்தியாவட்டை, அலரி. புத்தகத்தில் பூ, வீணையில் பூ, பட்டங்களில் பூ. கும்பத்துக்கு நேர் முன்னால் மட்டும் ஒரு சதுரம், ஒரு இதழ்கூட இல்லாமல் வெள்ளையாக இருந்தது. விரித்த கொப்பி அளவு. அதன் பக்கத்தில், பிழிந்த தேசிக்காய்ப் பாதிகள் மஞ்சள் அப்பியபடி காய்ந்து கிடந்தன. பூசைக்கு வந்ததை எடுக்கக்கூடாது என்றால் பிழிந்த தேசிக்காயையும் எடுக்கக்கூடாதுதானே.

"அம்மா, இண்டைக்குப் பூசை முடிஞ்சுதோ?"

"இல்லை, பின்னேரம்தான்."

"அப்ப இதிலை என்ன இருந்தது?"

கனகாம்பிகை கணவனைப் பார்த்தார். கணவன் யன்னலைப் பார்த்தார். யன்னலுக்கு வெளியே ரயில் போனது. அது போய் முடியும் வரை எல்லாரும் ரயிலில் பெரிய அக்கறை இருப்பது போல நின்றோம்.

"ஒண்டும் இருக்கேல்லை" என்றார் பேராசிரியர்.

"ஓமோம்" என்றார் அக்கா. "நிருஷன், நிவேதனாவைக் கேளுங்கோ, பழுதாப்போன பழைய துண்டு ஏதும் கிடக்கோ எண்டு."

கிடந்தது. ஆய்வுகூடத்து மேசை லாச்சியில், ஓரம் கிழிந்து ஒதுக்கிப் போட்ட ஒரு துண்டு. நகத்தளவுதான். நான் அதைக் கொண்டுவந்தபோது விறாந்தை மேசையில் தேசிக்காய்த் தண்ணீர் வந்திருந்தது. வெயிலுக்குள் ஓட்டோ ஓடியவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். கிளாசை வாய்க்குக் கொண்டுபோனேன். அக்கா அதைப் பறித்து, துண்டை அதற்குள் போட்டு, கரண்டியால் கலக்கத் தொடங்கினார்.

"அக்கா, அது என்ரை."

"உனக்குப் பச்சைத்தண்ணி காணும்."

துண்டு முதலில் ஊதியது. பிறகு வழுவழுவென்று பிசினாகிக் கரண்டியில் தொங்கியது. பேராசிரியர் எழும்பப் பார்த்தார். அக்கா கலக்குவதை நிறுத்தாமலே அவரை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் பிசினும் இல்லை. கிளாசுக்குள் தேசிக்காய்த் தண்ணீர் மட்டும் அப்பாவியாக இருந்தது.

கனகாம்பிகையின் கை நெஞ்சுக்குப் போனது.

"இஞ்சாருங்கோ!" என்றார் கணவனிடம், கண்கள் விரிய. "இதையும் அம்பாள் ஏற்றுக்கொண்டிட்டாவோ?"

நான் கிளாசுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"எதை அம்மா ஏற்றுக்கொண்டவ?" அக்காவின் குரல் பஞ்சாக இருந்தது. "முதலிலை இருந்து சொல்லுங்கோ."

அவர் சொன்னார். லண்டன் ஆட்கள் வரப்போகிறார்கள், காரியம் நல்லபடி முடிய வேண்டும் என்று பேராசிரியர் தானே முந்தநாள் இரவு அந்தத் தட்டைக் கொண்டுவந்து கும்பத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் மாதிரி ஏதோ மருந்து என்றுதான் மனைவி நினைத்திருக்கிறார். நேற்றுப் பின்னேரம் பூசை முடிந்த பிறகு, இவர் லண்டனுக்கு ரெலிபோனில் பெருமை அடித்தது அவர் காதில் விழுந்திருக்கிறது: 'எல்லாம் எங்கடை யாழ்ப்பாணத்து நண்டு!'

"நண்டு!" கனகாம்பிகை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்பாளுக்கு முன்னாலை நண்டு. எடுக்கவும் ஏலாது, விசயதசமி வரேல்லை. வைச்சிருக்கவும் ஏலாது, மச்சம், சைவமில்லை. நான் என்ன செய்யிறது? தேசிக்காயைப் பிழிஞ்சு, மஞ்சள்தண்ணி தெளிச்சு, அந்த இடத்திலையே சுத்தப்படுத்திவிட்டன். காலமை பாத்தால் ஒண்டுமில்லை, தட்டிலை கொஞ்சம் பிசின். நான் அழுதிட்டன். இவர்தான் சொன்னவர், அம்பாள் ஏற்றுக்கொண்டிட்டா, ஒருத்தருக்கும் சொல்லாதை, சொன்னால் பலிக்காது எண்டு. தானே தட்டை எடுத்துக்கொண்டும் போனவர்."

"அப்ப நிவேதனா என்னத்தைக் களவெடுத்தவ எண்டு நினைச்சனீங்கள்?"

"வேறை ஏதோ சாமான் எண்டெல்லோ சொன்னவர்..." அவர் குரல் பாதியில் நின்றது. மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பொலிசே தேவலை.

பேராசிரியர் உடைந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்டவுடனை எனக்கு விளங்கிட்டுது, தேசிக்காய்தான் எண்டு. ஆனா நான் என்னெண்டு சொல்லுறது? பேப்பரிலை எழுதிற மனுசன். சாமிக்கு முன்னாலை வைச்சதாலை ஆராய்ச்சி கரைஞ்சு போச்சு எண்டு லண்டன் ஆக்களுக்குச் சொல்லேலுமோ?"

"ஏலாதுதான்" என்றார் அக்கா. "ஒரு பிள்ளையைக் கள்ளி எண்டு சொல்லலாம். அது அறிவியல்."

அவர் தலை குனிந்தார். அக்கா அவருடைய ரெலிபோனை மேசையில் அவர் பக்கம் தள்ளினார்.

"பொலிசுக்கெண்டு யோசிச்சு வைச்சிருந்த நேரத்திலை ஒரு வேலை செய்யுங்கோ. காலமை எடுத்த நம்பருக்கே எடுங்கோ. எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் போடுங்கோ."

மணி அடித்தது. மறுமுனையில் காற்றும் காகமும் கேட்டன. பிறகு ஒரு கட்டைக் குரல். "இளையதம்பி கதைக்கிறன்."

"நான்... சிவசுப்பிரமணியம். காலமை ஒரு விஷயம் சொன்னனான். அதிலை ஒரு சின்னத் தகவல் பிழை மாதிரி... அதாவது, இன்னும் ஆராய்ஞ்சு பாக்கேக்கை..."

விறாந்தைத் தூணோடு நின்ற நிவேதனா நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் கொஞ்சமா விடாதேங்கோ சேர்" என்றாள். "ஒரேயடியாச் சொல்லுங்கோ."

"உம்மடை மகள் களவெடுக்கேல்லை. அது அழிஞ்சு போனது எங்கடை வீட்டுக்குள்ளை. அதை மறைக்க நான்தான் பொய் சொன்னனான்."

நிவேதனா தூணை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அது எனக்குக் காலமையே தெரியும் ஐயா" என்றது குரல். "என்ரை பிள்ளையை எனக்குத் தெரியாதோ? படிச்ச மனுசன் என்னத்துக்கு உப்பிடிச் சொல்லுறார் எண்டுதான் விளங்கேல்லை. அழுதுகொண்டு வருவாள், வீட்டிலை ஆளில்லாமல் இருக்கக்கூடாது எண்டு நான் கடலுக்குப் போகேல்லை." பிறகு, "காலமை தேத்தண்ணியும் குடியாமல் போனவள். ஏதும் சாப்பிட்டவளோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ" என்றது.

பேராசிரியரால் கேட்க முடியவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. நிவேதனா முகத்தை மூடிக்கொண்டு, காலையில் எங்கள் கந்தோரில் அழுததைவிடப் பெரிதாக அழுதாள். இந்தத் தடவை நான் தேத்தண்ணீருக்கு ஓடவில்லை. அழட்டும் என்று விட்டேன்.

கனகாம்பிகை எழும்பி அவள் அருகே போனார். கையைப் பிடிக்க நீட்டி, ஒரு கணம் தயங்கி, பிறகு பிடித்தார். "உள்ளை வாரும் பிள்ளை. ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போம்."

"இல்லை அன்ரி, அப்பா பாத்துக்கொண்டிருப்பார்." கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, பேராசிரியரிடம் திரும்பினாள். "நாளைக்கு லண்டன் ஆக்களுக்கு நடந்ததை நீங்கள் சொல்லுங்கோ. சொன்னாப் பிறகு என்னைக் கூப்பிடுங்கோ, வாறன். புதுசா வார்க்கலாம், கோது கிடக்கு. சொல்லாட்டி, என்னட்டை இருக்கிற திறப்பை வாங்க ஆரையும் அனுப்பிவிடுங்கோ."

அக்கா எனக்குக் கண் காட்டினார். "மயிலிட்டிக்குக் கொண்டுபோய் விட்டிட்டு வா." 'வாங்கோ' இல்லை, 'வா'. வழக்கு முடிந்துவிட்டது.

ஓட்டோ வீதிக்கு ஏறியதும் முன்னால் கட்டியிருந்த தேசிக்காய் ஆடியது. அதைக் கழற்றுவதா விடுவதா என்று யோசித்தேன். இன்று ஊரில் ஒரு தேசிக்காயாவது உண்மையைச் சொல்லியிருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டேன்.

பின்சீற்றில் மூக்கை உறிஞ்சும் சத்தம் நின்றது. பிறகு ஒரு குரல் வந்தது.

"அண்ணை, அந்த அச்சாறு இன்னும் கிடக்கோ?"

பையோடு கொடுத்தேன். தெல்லிப்பழை தாண்டுவதற்குள் முழுவதையும் தின்று முடித்துவிட்டாள்.